பொருநையின் கடைசி அணைக்கட்டு: ஸ்ரீவைகுண்டம் பற்றி வாசகர் கேள்விகள்

பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். இவருடைய அப்பா ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பொதுப்பணித் துறை லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியராக வேலை பார்த்தவர்.

திருச்செந்தூர் ரயிலில் வந்து ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இறங்கினேன். சுற்றிலும் வாழைத் தோட்டம்தான் தெரிந்தது, ஊரைக் காணவில்லையே டீச்சர்?
மதுரை வாசகர்

நீங்கள் இறங்கிய இடம் புதுக்குடி. அது ஆற்றுக்குத் தென்கரை. ஸ்ரீவைகுண்டம் இருப்பது வடகரையில். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதை நெல்லையிலேயே ஆற்றைக் கடந்து, அப்புறம் தென்கரையிலேயே ஓடுகிறது. அதனால் பெயர் எங்களுடையது, ஸ்டேஷன் அக்கரையில். அணைக்கட்டுப் பக்கம் பாலம் ஏறி ஆற்றைக் கடந்தால் ஊர் வந்துவிடும்.

இந்த வடகரை, தென்கரைக் கணக்கு வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பமாக இருக்கும். எங்களுக்கு அதுதான் முகவரி. ஆதிச்சநல்லூர் தென்கரை. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி தென்கரை. ஏரல், கொற்கை, சிவகளை எல்லாம் வடகரை. ஒருவர் எந்தக் கரை என்று தெரிந்தால், அவர் வயலுக்கு எந்தக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது, எந்த மாதம் அவருக்குக் கையில் பணம் இருக்கும் என்பது வரைக்கும் சொல்லிவிடலாம்.

நெல்லையிலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர். 1986 அக்டோபர் வரை நாங்கள் திருநெல்வேலி மாவட்டம். அப்புறம் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தோம். பேச்சும் சாப்பாடும் இன்னும் நெல்லைதான்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறதாமே. அதில் உங்கள் ஊர் அணைக்கட்டுக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு?
தென்காசி வாசகி

அது கடைசி அம்மா. அதுதான் சிறப்பு, அதுதான் கஷ்டமும்.

மேற்கிலிருந்து வரிசையாகச் சொன்னால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், எட்டாவது ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் கட்டியவை. எட்டாவது மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. 1869இல் வேலை தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்த பக்கிள் அதற்காக முனைந்து நின்றார். 1870களில் கால்வாய்களில் தண்ணீர் ஓடியது.

அணைக்கட்டு வேறு, அணை வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகியவை மலையடியில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் அணைகள். அணைக்கட்டு சேமிப்பதற்காகக் கட்டியது அல்ல. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான ஒரு கல்சுவர். அந்தச் சுவர் ஆற்று மட்டத்தைச் சில அடி உயர்த்திக் கொடுக்கும். உயர்ந்த தண்ணீர் இரண்டு பக்கமும் உள்ள தலைமதகு வழியாகக் கால்வாயில் ஏறும். மிச்சம் சுவரின் மேல் வழிந்து கடலுக்குப் போகும். எங்கள் சுவரின் உயரம் எட்டு அடி. வடக்கே போவது வடகால், தெற்கே போவது தென்கால். வடகால் ஓடி ஓடிக் கடைசியில் தூத்துக்குடி அருகே கோரம்பள்ளம் குளத்தில் சேருகிறது. வழியில் ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும்.

தாமிரபரணிப் பாசனம் மொத்தம் 86,107 ஏக்கர். அதில் தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டும் 46,107 ஏக்கர். இந்த 46,107 ஏக்கருக்கும் தண்ணீர் கொடுப்பது மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்ற இரண்டே அணைக்கட்டுகள். எங்களுடையதில் மட்டும் 25,560 ஏக்கர். அதாவது ஆற்றின் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் ஆற்றின் வால்பகுதியில் இருக்கிறது. மேலே ஒரு மதகை இரண்டு நாள் கூடுதலாகத் திறந்தாலும் இங்கே ஒருவருடைய பிசானப் பருவ நெல் நாற்று காயும்.

அப்பா மதகுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியில் டார்ச்சோடு போவார். ஷட்டரை எத்தனை சுற்று திறக்க வேண்டும், அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சோறு சாப்பிடும்போது பேசும் பேச்சு. விவசாயிகள் விடியற்காலையில் கதவைத் தட்டி, 'லஸ்கர் அண்ணாச்சி, தென்காலில் தண்ணி குறைஞ்சுட்டே, என்ன சங்கதி?' என்று கேட்பார்கள். புவியியல் பாடம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அணைக்கட்டில் தூர் வாரியதாகப் படித்தேன். பிறகும் ஏன் மணல் மேடாகத் தெரிகிறது?
திருச்செந்தூர் வாசகர்

ஓடும் தண்ணீரை எங்கே தடுத்தாலும் அது தூக்கி வரும் மண்ணை அங்கே போட்டுவிடும். அதனால்தான் அணைக்கட்டில் மணற்போக்கி என்று தனி மதகு வைத்திருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் அதைத் திறந்தால் அடியில் தங்கிய மணலைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அது மதகுக்கு முன்னால் உள்ள கொஞ்ச தூரத்தைத்தான் சுத்தம் செய்யும். மீதிப் பரப்பில் நூற்றாண்டுக்கு மேலாக வண்டல் ஏறி, அதன் மேல் அமலைச்செடியும் உடைமரமும் வளர்ந்து காடாகிவிட்டது. எட்டு அடி ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் ஆடு மேய்ந்தது.

2015இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகுதான் தூர் வாரும் வேலையே ஆரம்பித்தது. அப்போதும் ஊர்க்காரர்கள் நிம்மதியாக இல்லை. வண்டலை விட்டுவிட்டு நல்ல மணலாகப் பார்த்து லாரியில் ஏற்றுகிறார்கள் என்று மறித்து நின்றார்கள். அவர்கள் நின்றது சரி என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மணல் என்பது ஆற்றின் தண்ணீர்த் தொட்டி. ஆற்றில் மணல் போனால் கரையோரக் கிணறு வற்றும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கீழே ஆத்தூர், முக்காணிப் பக்கம் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன் தண்ணீர் போகும் திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. 20 எம்ஜிடி என்று ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அணைக்கட்டு கட்டியது பாசனத்துக்கு. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லும் வருஷத்திலும் குழாயில் மட்டும் தண்ணீர் ஓடினால் விவசாயிக்கு வயிறு எரியாதா? 2018இல் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்தச் சொன்னது. அந்த உத்தரவை ஊர் மறக்கக் கூடாது. மறந்தால் குழாய் திரும்ப வரும்.

உங்கள் ஊர்ப் பெருமாளுக்குக் கள்ளபிரான் என்று பெயரா? கேட்கவே வித்தியாசமாக இருக்கிறதே அக்கா.
ஈரோடு வாசகி

மூலவர் பெயர் வைகுண்டநாதர். ஆதிசேஷன் குடை பிடிக்க நின்ற கோலம். உற்சவருக்குத்தான் கள்ளபிரான் என்று பெயர்.

தலபுராணம் இப்படிப் போகிறது. காலதூஷகன் என்று ஒரு திருடன். திருடப் போகுமுன் இந்தப் பெருமாளை வேண்டிக்கொள்வான், கிடைத்ததில் பாதியைக் கோயிலுக்குக் கொடுப்பான், மீதியில் ஏழைகளுக்கும் உதவுவான். ஒரு முறை அரண்மனையில் திருடும்போது அவனுடைய ஆட்கள் பிடிபட்டார்கள். இவன் பெருமாள் காலில் போய் விழ, அவரே திருடன் வேஷத்தில் ராஜா முன்னால் போய் நின்றார். 'ஜனங்கள் திருடும் நிலைக்கு வந்தது உன் ஆட்சியின் குறை. தர்மம் செய்யாத செல்வம் திருடனுக்குத்தான் போகும்' என்று ராஜாவுக்கே புத்தி சொன்னாராம்.

எங்கள் ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது திருடனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டாள். ராஜா தலைகுனிந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். எனக்கும் அந்த இடம்தான் பிடிக்கும்.

உற்சவரின் கன்னத்தைப் பாருங்கள். சிலையை வடித்த சிற்பி, முகத்தின் அழகில் மயங்கி ஆசையில் கன்னத்தைக் கிள்ளிவிட்டானாம், அந்தத் தடம் இன்னும் இருக்கிறது என்பார்கள். சித்திரை மாதம் 6ஆம் நாளும் ஐப்பசி 6ஆம் நாளும் காலை வெயில் நேரே மூலவர் மேல் விழும். அன்று கூட்டம் இருக்கும், சீக்கிரமே போக வேண்டும்.

இந்த ஆற்றங்கரையின் ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதியில் முதல் தலம் இது. அதே ஊரில் கைலாசநாதர் கோயில், அது ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தில் சனி தலம். ஒரே சின்ன ஊரில் சைவமும் வைணவமும் தோளோடு தோள் உரசி நிற்கும்.

ஸ்ரீவைகுண்டத்தில் பெண்கள் வெளியே வராத கோட்டை ஒன்று இருந்ததாமே, உண்மையா?
சென்னை வாசகி

உண்மை. ஊருக்குள் ஒரு மண்கோட்டை இருந்தது. அதற்குள் வாழ்ந்தவர்கள் கோட்டைப் பிள்ளைமார் என்னும் ஒரு சிறிய சமூகம். பிறந்த பெண் குழந்தை விவரம் தெரியும் வயது வந்த பிறகு கோட்டைச் சுவரைத் தாண்டுவதில்லை. வெளி ஆண்கள் உள்ளே போக முடியாது. ஆண்கள் நிலபுலம் பார்க்க வெளியே வருவார்கள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் வெளியே போகத் தொடங்கினார்கள், பழைய கட்டுப்பாடு உடைந்தது. மானிடவியல் ஆய்வாளர்கள் வந்து எழுதியும் இருக்கிறார்கள்.

சிலர் இதை ஏதோ பெருமை போலவும், ஊரின் அதிசயம் போலவும் சுற்றுலாக் கதையாகச் சொல்வதைக் கேட்கிறேன். எனக்குச் சம்மதமில்லை. சுவரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் கால் நனைக்காமலேயே எத்தனையோ பெண்கள் இங்கே வாழ்ந்து முடிந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேத்திகளில் சிலர் இன்று வெளியூரில் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் இந்தக் கதையில் நான் சந்தோஷமாகச் சொல்லும் செய்தி. அந்தக் குடும்பங்களைத் தேடிப்போய்ப் படம் எடுக்க நினைப்பவர்கள் தயவு செய்து அவர்களை நிம்மதியாக விடுங்கள்.

குமரகுருபரர் உங்கள் ஊர்தானே?
கும்பகோணம் வாசகர்

எங்கள் ஊரேதான். 17ஆம் நூற்றாண்டு. ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு. மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். அப்புறம் காசிக்குப் போய் மடம் அமைத்தார். இங்கிருந்து திருச்செந்தூர், மதுரை, காசி என்று அவர் போன தூரத்தை வகுப்பில் வரைபடத்தில் விரலால் காட்டுவேன், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

அவர் பெயரில் ஊரில் கலைக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகராக இருந்தவர் பாலம் கல்யாணசுந்தரம். சம்பளம் முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் சாப்பாட்டுக்குச் சின்ன வேலைகள் பார்த்தவர். 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நூலகர் என்றால் அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை பெர்லினிலும் பாரிசிலும் இருக்கின்றனவாம். திரும்பக் கேட்க முடியாதா?
கோவை வாசகர்

1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், விலங்கு உருவம் வைத்த வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், இறந்தவர்களைப் புதைத்த எத்தனையோ தாழிகள். அவை பெரும்பாலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே காலத்தில் பிரான்சிலிருந்து லாப்பிக் வந்து தன் பங்குக்குப் பாரிசுக்கு எடுத்துப் போனார். 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. 160க்கு மேல் தாழிகள் வந்தன. ஆனால் அறிக்கை வெளிவரப் பல ஆண்டுகள் ஆனது. 2021இல் திரும்பவும் தோண்டத் தொடங்கினார்கள், 2022இல் மீண்டும் தங்கப்பட்டம் கிடைத்தது.

திரும்பக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் கேட்பதற்கு முன் வைக்க இடம் வேண்டுமே! அந்த இடம் இப்போதுதான் வந்திருக்கிறது. அங்கேயே அருங்காட்சியகம் என்று 2020 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 2023 ஆகஸ்டில் தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டுத் திறந்தார்கள். தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. நாம் கண்ணாடி மேல் நின்று குனிந்து பார்க்கலாம். எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பானையைப் பார்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவோ வித்தியாசம். யார் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் என்பது அங்கே நின்றால்தான் விளங்கும். ஊர் ஆட்கள் அதைப் பரம்பு என்பார்கள். 114 ஏக்கர் மேட்டு நிலம். வெள்ளம் எட்டாது, உழவுக்கும் ஆகாது. நெல் விளையும் பள்ளத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, கல்மேட்டை இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றைப் படித்தவர்கள் செய்த வேலை அது.

வடகரையில் சிவகளை. அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில், சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்று என் பழைய மாணவர்கள் வரிசையாக போன் பண்ணினார்கள். இரும்பைப் பற்றி உலகம் பேசட்டும், நல்லதுதான். எனக்கு அந்த நெல் இன்னும் நெருக்கம். இன்றும் அதே மண்ணில், அதே ஆற்றுத் தண்ணீரில் பிசானம் நடுகிறார்களே.

கொற்கை துறைமுகம் என்று படித்தோம். போய்ப் பார்த்தால் வயல்தான் இருக்கிறது.
விருதுநகர் கல்லூரி மாணவர்

ஆறு போட்ட மண் தம்பி. பாண்டியர் காலத்தில் முத்துக் குளித்து, கிரேக்கர்களும் குறித்து வைத்த துறைமுகம் கொற்கை. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது கி.மு. 785 அளவிலான காலக்கணிப்பு கிடைத்தது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது. கொற்கை போய்க் காயல் வந்தது, மார்க்கோ போலோ பார்த்தது அந்தத் துறைமுகத்தை. அதுவும் தூர்ந்த பிறகு புன்னைக்காயல். இன்று ஆறு கடலில் கலப்பது புன்னைக்காயலில். ஒரு நாள் சைக்கிள் எடுத்துக்கொண்டு கொற்கையிலிருந்து புன்னைக்காயல் வரை போய்ப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டு ஆற்று வேலையைக் காலால் அளந்துவிடலாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். அணையைத் திறந்துவிட்டதால்தான் வந்ததா?
திருநெல்வேலி வாசகி

டிசம்பர் 17, 18. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே ஏறக்குறைய 66 சென்டிமீட்டர்தான். இந்த எண்ணை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றது புரியும்.

அணைகளிலிருந்தும் தண்ணீர் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அணைக்குக் கீழே, சமவெளியிலும் கடற்கரையிலும் விழுந்த மழையை எந்த ஷட்டராலும் பிடித்திருக்க முடியாது. மேலிருந்து ஆறு பெருகி வருகிறது, பக்கத்துக் காட்டு ஓடைகளும் வந்து விழுகின்றன, கால்வாயும் தாங்கவில்லை. மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த குளத்துக்கு ஒரே நேரத்தில் போய் விழும், அதுவும் உடையும். கோரம்பள்ளம் குளமும் உடைந்து தூத்துக்குடி வரை மிதந்தது. ஏரலில் பாலத்தின் இணைப்புச் சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போனது. 1992 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தவள் நான். அது ஆற்றில் வந்த வெள்ளம். இது வானத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் ஒரே ராத்திரியில் வந்தது.

கரண்ட் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் தண்ணீர். மாடியில் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக் காய்ச்சிக் குடித்தோம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடின.

அக்கரையில் நடந்ததை நாடே பார்த்தது. 17ஆம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நின்றது. செய்துங்கநல்லூருக்குப் போகும் வழியில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடவில்லை. விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. சுமார் 800 பயணிகள். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியையும் காயையும் கொண்டுவந்து கோயிலில் உலை வைத்து அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. அவர்கள் வாழையும் சாய்ந்து கிடந்தது. அடுத்த வேளைக்கு வேண்டுமே என்று யாரும் அரிசியை ஒளிக்கவில்லை. 19ஆம் தேதி மீட்டு, மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். பாதை சரியாகி மறுபடி வண்டி ஓட ஜனவரி ஆகிவிட்டது.

புதுக்குடி ஜனங்களுக்கு நான் இந்தப் பத்தியின் மூலமாகக் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நேரில் சொன்னபோது, 'பசிச்சவங்களுக்குச் சோறு போட்டதுக்கு என்ன டீச்சர் நன்றி' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆற்று மணலுக்காக வழக்குப் போட்ட நல்லகண்ணு உங்கள் ஊர்க்காரர் என்கிறார்களே?
சிவகாசி வாசகர்

ஆம். இரா. நல்லகண்ணு 1925 டிசம்பர் 26இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டு, வக்கீல் வைக்காமல் தானே எழுந்து நின்று வாதாடினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2010 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. இதே ஆற்றங்கரையில் முறப்பநாடு கோவில்பத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக 2023 ஏப்ரல் 25இல் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த இரண்டு பெயரையும் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் பக்கம் வந்தால் என்ன வாங்கிப் போகலாம்?
சேலம் வாசகி

வாழைப்பழம். சக்கை, கோழிக்கூடு, நாடு, கற்பூரவள்ளி என்று கேட்டு வாங்குங்கள். இலைக்கட்டும் இங்கிருந்து வெளியூர் சந்தைகளுக்குப் போகிறது. கீழே ஆத்தூரில் வெற்றிலை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலை போடும் பழக்கம் உள்ள பாட்டி வீட்டில் இருந்தால் ஒரு கவுளி வாங்கிப் போங்கள், அதைவிட அவருக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் எப்படி வருவது டீச்சர்? வயதான மாமியாரும் கூட வருகிறார்.
நாகர்கோவில் வாசகி

காலை ஏழு மணிக்கு முன் கள்ளபிரான் கோயிலுக்கு வந்துவிடுங்கள். நவதிருப்பதி முழுவதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று மாமியாரை ஓட்டாதீர்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை மூன்றும் போதும். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். உச்சிவேளையில் கோயில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தை ஆதிச்சநல்லூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரம்பில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் அவசியம். சாயங்காலம் அணைக்கட்டு.

வைகாசியில் வந்தால் ஆழ்வார்திருநகரியில் கருட சேவை பார்க்கலாம். ஒன்பது ஊர்ப் பெருமாளும் ஒன்பது கருட வாகனத்தில் வர, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொண்டு அழைப்பார். ஆனால் ராத்திரி வெகுநேரம் ஆகும், கூட்டமும் அதிகம். மாமியாருக்கு அது வேண்டாம், நீங்கள் மட்டும் தனியாக ஒரு வருஷம் வாருங்கள்.

அணைக்கட்டில் ஒரு விஷயம் மட்டும் கவனம். சுவர் மேல் தண்ணீர் மெல்லிசாக வழிவதைப் பார்த்துப் பிள்ளைகள் இறங்கப் பார்ப்பார்கள். மணற்போக்கி மதகுக்குக் கீழே அரிப்பு ஆழமாக இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. அங்கே இறங்க விடாதீர்கள். குளிக்க வேண்டுமென்றால் ஊர் ஜனங்கள் குளிக்கும் படித்துறையைக் கேட்டுப் போங்கள், காட்டுவார்கள்.